ஞாயிறு காலை வரைக்கும்

"உஸ்மான், டிசிஷன்." "மெக்ரெகர், நாக்அவுட், ரவுண்டு 1."

எம்எம்ஏ என்கிற கலப்புச் சண்டை விளையாட்டைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் ஒவ்வொரு ஃபைட் கார்டுக்கும் முந்தைய வாரத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள். யார், எப்படி, எந்த ரவுண்டில். மூன்றே உறுப்பு, வினைச்சொல்கூடக் கிடையாது. ஒரு இரவில் பன்னிரண்டு சண்டை இருந்தால் பன்னிரண்டு வரி. சிலர் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் நாலு வரி காரணம் எழுதுவார்கள். பெரும்பாலானவர்கள் எழுதமாட்டார்கள்.

இந்தக் கணிப்புகளை ஒரு விமர்சன வகையாக வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறவர் கையில் நாவல் இருக்கிறது. கணிப்பு எழுதுகிறவர் கையில் இருப்பது இரண்டு பேருடைய பழைய சண்டைகள் மட்டும்தான். அதை வைத்து இன்னும் நடக்காத ஒன்றை அவர் வாசித்துச் சொல்லணும். அமெரிக்காவில் சனி இரவு கூண்டுக் கதவு சாத்தப்படும்போது நமக்கு ஞாயிறு காலை. காபி ஆறுவதற்குள் விடை தெரிந்துவிடும். நம்ம இலக்கிய விமர்சகர்கள் யாருக்கும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதேயில்லை. "இந்த நாவல் நூறு ஆண்டு நிற்கும்" என்று எழுதியவரை யாரும் போய்க் கேட்க முடியாது.

முதலில் இந்த விளையாட்டில் எதைக் கணிக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ரவுண்டு 5 நிமிஷம். சாதாரண சண்டைக்கு 3 ரவுண்டு, பட்டத்துக்கான சண்டைக்கு 5. முடிவு பெரும்பாலும் மூன்று வழியில் வரும். அடியில் விழுந்து முடிவது நாக்அவுட். கழுத்தையோ மூட்டையோ பிடித்து எதிராளியைச் சரணடைய வைப்பது சப்மிஷன். இரண்டும் இல்லாமல் நேரம் முடிந்தால் மூன்று நடுவர்கள் மதிப்பெண் கூட்டிச் சொல்வது டிசிஷன். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு, முய் தாய் எல்லாமே உள்ளே வரலாம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புதிதாக வரும் ரசிகர் எல்லோரும் முதலில் ஒரு கணக்குப் போடுவார்கள். 'அ' 'ஆ'வை அடித்தார், 'ஆ' 'இ'யை அடித்தார், ஆக 'அ' 'இ'யை அடிப்பார். எம்எம்ஏ கணக்கு என்று இதற்குக் கேலியாக ஒரு பெயரே உண்டு. இந்தக் கணக்கு எப்படி உடையும் என்பதற்குப் பெண்கள் பாண்டம்வெயிட் பிரிவின் வரலாற்றைப் பாருங்க. ரோண்டா ரௌசி 2012லும் 2013லும் மீஷா டேட்டை இரண்டு முறை தோற்கடித்தார். 2015 நவம்பரில் மெல்போர்னில் ஹாலி ஹோம் ரௌசியைத் தோற்கடித்தார். 2016 மார்ச்சில் டேட் ஹோமைத் தோற்கடித்தார். வட்டம் முடிந்துவிட்டது. இந்த மூவரில் யார் சிறந்தவர் என்ற கேள்விக்கு இந்த வட்டத்துக்குள்ளிருந்து பதில் வராது.

ஆனால் அந்த வட்டம் தற்செயலாக வந்ததும் கிடையாது. ரௌசி 2008 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வாங்கியவர். நேராக உள்ளே புகுந்து, பிடித்து, எறிந்து, கையை மடக்குவது அவர் பாணி. மெல்போர்னுக்கு முன்னாடி 12 சண்டை, 12 வெற்றி, அதில் 11 முதல் ரவுண்டிலேயே. ஹோம் உலக பாக்ஸிங் சாம்பியனாக இருந்தவர். நேராக வருகிறவரை ஒதுங்கி ஒதுங்கி அடிப்பதுதான் அவர் வேலை. துரத்திக்கொண்டே வந்த ரௌசி இரண்டாவது ரவுண்டில் தலையில் உதை வாங்கி விழுந்தார். டேட் அப்படித் துரத்துகிற ஆளில்லை. நாலு ரவுண்டு பொறுத்திருந்து, ஐந்தாவதில் ஹோமைக் கீழே கொண்டுபோய், முதுகுப் பக்கம் ஏறிக் கழுத்தை இறுக்கினார். ஹோம் சரணடையாமல் மயங்கிப் போனார்.

இந்த மூன்று முடிவையும் முன்கூட்டியே சொல்ல முடிந்திருக்குமா என்பது வேறு விஷயம். எந்தக் காரணத்தால் இவை நடக்க *முடியும்* என்பதைச் சொல்லியிருக்க முடியும். ரௌசி துரத்துவார், ஹோம் ஒதுங்குவார் என்று எழுதிவிட்டு, கடைசியில் ரௌசி ஜெயிப்பார் என்று முடித்தவருடைய கணிப்பு தப்பு. ஆனாலும் அவர் அந்தச் சண்டையைப் பார்ப்பதற்கு முன்பே வாசித்துவிட்டார். காரணமே இல்லாமல் "ஹோம், நாக்அவுட், ரவுண்டு 2" என்று விளையாட்டாக எழுதியவருக்கு விழுந்தது லாட்டரி. அந்த வரியிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒண்ணுமில்லை.

இனி முதல் வரியில் சொன்ன உஸ்மானுக்கு வருகிறேன். 2022 ஆகஸ்ட் 20, சால்ட் லேக் சிட்டி, யூஎஃப்சி 278. வெல்டர்வெயிட் சாம்பியன் கமாரு உஸ்மானுக்கு எதிராக லியோன் எட்வர்ட்ஸ். உஸ்மான் அதுவரை யூஎஃப்சியில் 15 சண்டையில் 15 வெற்றி. இன்னொன்று ஜெயித்தால் ஆண்டர்சன் சில்வாவின் 16 தொடர் வெற்றிச் சாதனையைத் தொட்டிருப்பார். 2015ல் இதே எட்வர்ட்ஸை மல்யுத்தத்தால் கட்டிப்போட்டு டிசிஷனில் ஜெயித்தும் இருக்கிறார். எட்வர்ட்ஸ் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து இங்கிலாந்தின் பர்மிங்காமில் வளர்ந்தவர். அந்த 2015 தோல்விக்குப் பிறகு அவர் தோற்கவேயில்லை. ஆனாலும் பந்தயச் சந்தை உஸ்மான் பக்கம்தான் நின்றது. காரணம் எழுதிய ரசிகர்கள் நிறைய பேர் சொன்னது இதுதான்: முதலில் எட்வர்ட்ஸ் நன்றாகச் செய்வார், போகப்போக உஸ்மானின் அழுத்தமும் பிடியும் அவரைக் களைப்பாக்கும், ஐந்து ரவுண்டு முடிவில் உஸ்மான்.

அன்றைக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதே. முதல் ரவுண்டில் எட்வர்ட்ஸ் உஸ்மானைக் கீழே தள்ளினார். யூஎஃப்சியில் உஸ்மானை யாருமே அதுவரை தள்ளியதில்லை. இரண்டு, மூன்று, நான்கு உஸ்மானுக்கு. நான்காவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எட்வர்ட்ஸிடம் அவருடைய கோச், உன்னைப் பார்த்து நீயே பரிதாபப்படுவதை நிறுத்து என்று கத்த வேண்டியிருந்தது. மூன்று நடுவர்களின் தாளிலும் 39-37, உஸ்மான் முன்னிலை. ஐந்தாவது ரவுண்டிலும் நாலு நிமிஷம் போய்விட்டது. எட்வர்ட்ஸ் இடது கையால் அடிக்கப்போவதாகக் காட்டினார். உஸ்மான் தலையைச் சாய்த்தார். சாய்ந்த இடத்துக்கு இடது கால் வந்தது. மீதி இருந்தது 56 விநாடி.

"உஸ்மான், டிசிஷன்" என்ற கணிப்பு 25 நிமிஷத்தில் 24 நிமிஷம் 4 விநாடி சரியாக இருந்தது. பட்டியலில் அதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

எனக்கு உறுத்துவது அந்தப் பூஜ்யம் இல்லை. அடுத்த நாள் எழுதப்படும் எழுத்துதான். ஒரு கூட்டம், உஸ்மான் எப்பவுமே அவ்வளவு பெரிய ஆளில்லை, இப்போது வெளுத்துவிட்டது என்று ஆரம்பிக்கும். இன்னொரு கூட்டம், எட்வர்ட்ஸுக்கு அடித்தது குருட்டு அதிர்ஷ்டம் என்று சாதிக்கும். இரண்டு கூட்டமும் செய்வது ஒன்றே: நடந்ததை வைத்துப் பழைய பக்கங்களைத் திருத்தி எழுதுவது. முந்தின வாரம் நீங்க என்ன எழுதினீங்க என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. 2023 மார்ச்சில் லண்டனில் இருவரும் மூன்றாவது முறை மோதினார்கள். எட்வர்ட்ஸ் ஐந்து ரவுண்டும் நின்று டிசிஷனில் ஜெயித்தார். அதிர்ஷ்டக் கட்சியும் வாயை மூடிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் எனக்கு இந்த இடத்தில் வேறொரு துறை ஞாபகம் வருகிறது. வானிலை. 1950ல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர், மழைக்கணிப்பு எவ்வளவு நல்லது என்று அளக்க ஓர் எளிய வழி சொன்னார். "மழை வரும்" என்று சொல்லாதே, எத்தனை சதவீதம் என்று சொல். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. உன் எண்ணுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் போட்டுச் சராசரி எடு. குறைவாக வந்தால் நல்ல கணிப்பு.

ஃபைட் கார்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ரசிகர்கள் 10 சண்டைக்கு ஒரே ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் 7 சரி, 3 தப்பு. முதல் ஆள் ஒவ்வொன்றையும் "சத்தியமா இவர்தான்" என்று 100 சதவீதம் சொன்னவர். அவருடைய சராசரி 0.30. இரண்டாவது ஆள் எல்லாவற்றுக்கும் 70 சதவீதம் சொன்னவர், அவருக்கு 0.21. ஒரே தேர்வுதான். ஆனால் தனக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னவர் மேலே போய்விடுகிறார். 70 சதவீதம் என்பவர் பத்தில் மூன்று தோற்றே ஆகணும். தோற்கவேயில்லை என்றால் அவர் தன் எண்ணைச் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இந்த அளவுகோலுக்கும் எட்டாத ஒரு இடம் உண்டு. "உஸ்மான் 75 சதவீதம்" என்று இரண்டு பேர் எழுதுகிறார்கள். ஒருவர் அவர் சாம்பியன் என்பதால் எழுதுகிறார். இன்னொருவர் மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு எட்வர்ட்ஸின் பின்கால் கூண்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்று யோசித்து எழுதுகிறார். பிரையர் கணக்கில் இருவரும் சமம். வாசகருக்குச் சமம் கிடையாது. இந்த இடத்துக்கு மேல் எண் நமக்கு உதவாது, விமர்சனம்தான் வரணும்.

விமர்சனம் மட்டும் வந்து படைப்பு வராமலே போன ஒரு கதையும் இந்த விளையாட்டில் உண்டு. கபீப் நுர்மகோமெடோவ், டோனி ஃபெர்குசன் சண்டை. யூஎஃப்சி இதை ஐந்து முறை அறிவித்தது. 2015ல் கபீபுக்குக் காயம். 2016ல் ஃபெர்குசனுக்கு நுரையீரல் பிரச்சினை. 2017ல் எடை குறைக்கப் போய் கபீப் ஆஸ்பத்திரியில். 2018ல் ஃபெர்குசன் ஸ்டுடியோவில் கேபிள் தடுக்கி முட்டியைக் காயப்படுத்திக்கொண்டார். செய்தி ஏப்ரல் 1 அன்று வந்ததால் பலர் நம்பவேயில்லை. 2020ல் கொரோனா. ஐந்து முறையும் ரசிகர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். கபீப் மேலே இருந்து அமுக்குவார், ஃபெர்குசன் கீழே இருந்தபடியே முழங்கையால் கிழிப்பார், இல்லை கழுத்தைப் பிடிப்பார். 2020 அக்டோபரில் கபீப் 29-0 என்ற கணக்கோடு ஓய்வு பெற்றார். சண்டை நடக்கவேயில்லை.

போர்ஹெஸ் இல்லாத புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதினார் என்று நாம் வியந்து பேசுகிறோம். இங்கே பெயரில்லாத ஆயிரம் பேர் சேர்ந்து, இல்லாத ஒரு சண்டைக்கு ஐந்து வருஷம் மதிப்புரை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணிப்புகள் மட்டும் எப்பவுமே பொய்யாகாது. அதனாலேயே அவை மெல்ல மெல்லப் பக்திப் பாடலாக மாறிவிட்டன. தன் ஆள் தோற்கும் வழியை யாரும் எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லாத விமர்சனம் எப்படி ஆகும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

கடைசியாக ஒரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். "நாக்அவுட், ரவுண்டு 1" என்பது ஒருவருடைய மூளை மண்டையோட்டுக்குள் அதிர்ந்து நினைவு போவதைப் பற்றிய வாக்கியம். வினைச்சொல் இல்லாததால் அதில் யாரும் யாரையும் அடிப்பதாகவே தெரியாது. பந்தயச் சீட்டில் அதே மூன்று உறுப்பு அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். காரணத்துக்கு அங்கே இடமே இல்லை. 2022 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு சண்டைக்குச் சில மணி நேரம் முன்னாடி பந்தய விகிதம் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தச் சண்டையில் தோற்றவர் முன்பே இருந்த காயத்தைச் சொல்லாமல் உள்ளே போயிருந்தார். ஒரு உதை உதைத்ததும் கால் போய்விட்டது, முதல் ரவுண்டிலேயே கதை முடிந்தது. நெவாடா ஆணையம் பிறகு நடவடிக்கை எடுத்தது. அன்றைக்கு ஜெயிக்கும் பக்கம் பணம் போட்டவர்களின் கணிப்பு சரி. மூன்று உறுப்பையும் வைத்து மதிப்பெண் போட்டால் அவர்கள்தான் முதலிடம். ஆனால் முழங்காலைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பணம் போடுவதும், ஒரு மனிதர் எப்படி நிற்கிறார், எப்படிக் களைக்கிறார், பயம் வந்தால் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்து எழுதுவதும் ஒரே வேலை ஆகிவிடாது. வெறும் முடிவை மட்டும் எண்ணினால் நமக்கு அந்த வித்தியாசம் தெரியாமலே போகும்.

அதனால் இந்த வகை எழுத்துக்கு நான் கேட்பது கொஞ்சம்தான். ஆள், முறை, ரவுண்டு, எத்தனை சதவீதம். அதுக்குக் கீழே ஒரு வரி: ஏன். அதுக்கும் கீழே இன்னொரு வரி: நான் தோற்றால் எப்படித் தோற்பேன். அன்றைக்கு "உஸ்மான், டிசிஷன், 75 சதவீதம்" என்று எழுதி, "கடைசி ரவுண்டில் தலையைச் சாய்க்கும் பழக்கத்தால் உதை வாங்கினால் போச்சு" என்று சேர்த்திருந்த ஒருவரை நான் தேடிப் போய் வாசிப்பேன். அவர் தோற்ற பக்கத்தில் நின்றவர்தான். ஆனால் ஞாயிறு காலை உஸ்மான் கண் திறந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, அவரை மட்டம் தட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருந்திருக்காது.