ஆர்மோனியத்தில் நிற்கிற பாட்டு

பிடித்த பழைய பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின், புல்லாங்குழல், தபேலா எல்லாவற்றையும் மனதுக்குள் நிறுத்திவிடுங்கள். மிச்சம் ஓர் ஆர்மோனியம், ஒரு குரல். பாட்டு இன்னும் நிற்கிறதா? தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவின் இசையைக் கேட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அந்த இசை வளர்ந்ததே அப்படித்தான். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாடினார். போடிமெட்டு ஏறினால் தேவிகுளம். நாளெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து நிற்கிறவர்களுக்கு முதல் தடவையிலேயே மெட்டு பிடிபட வேண்டும். இல்லாவிட்டால் சொல் போய்ச் சேராது. தம்பிகள் அந்த மேடைகளில்தான் பாட்டுப் படித்தார்கள்.

மெட்டுக்கு அடியில் ஆர்மோனியம் பிடிப்பது கார்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சேர்ந்து ஒலிக்கிற மூன்று சுரம், அவ்வளவே. ச-க-ப ஒன்று, ம-த-ச ஒன்று, ப-நி-ரி ஒன்று. எண்ணிப் பாருங்கள், ஏழு சுரமும் அதற்குள் வந்துவிட்டன. சங்கராபரணத்தின் சுரங்களில் நடக்கிற எளிய மெட்டுகளை இந்த மூன்றே தாங்கிவிடும். முதலாவதில் மனம் உட்கார்ந்திருக்கும். இரண்டாவதில் எழுந்து வாசலுக்கு வரும். மூன்றாவதில் நிலைகொள்ளாமல் திரும்பப் போகத் தவிக்கும். நல்ல கிராமியப் பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதற்கு அமெரிக்கப் பாடலாசிரியர் ஹார்லன் ஹோவர்ட் சொன்ன விளக்கம் பிரபலம்: மூன்று கார்டு, கூடவே உண்மை.

இந்தக் காதோடு 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ படத்தின் பாட்டுகளைக் கேளுங்கள். எஸ். ஜானகியின் குரலை மட்டும் பின்தொடருங்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா போட்ட இசைதான். வாத்தியங்கள் தங்களுக்குள் நிறையப் பேசிக்கொள்ளும். ஆனால் அத்தனையையும் எடுத்துவிட்டாலும் களையெடுக்கிறவர் வாயில் அந்த மெட்டு முழுசாக இருக்கும். அதுதான் பரீட்சை.

புத்தகத்துக்கும் இதே பரீட்சை உண்டு: அலங்காரத்தை எடுத்துவிட்டாலும் நிற்க வேண்டும். பெரியாறு அணை வேலையில் இருந்த பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி, 1899இல் அந்தத் திட்டத்தின் வரலாற்றை எழுதினார். மேற்கே அரபிக்கடலுக்குப் போன ஆற்றைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்ட அணையால் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதை. 1887இல் தொடங்கி 1895இல் தண்ணீர் வந்தது. இடையில் வெள்ளம் வேலையை அடித்துக்கொண்டு போனது, காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோனது. அணை வேலையை நடத்திய பொறியாளர் பென்னிகுவிக் சொந்தச் சொத்தை விற்று அதைக் கட்டினார் என்ற கதை எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. சான்று எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. காய்ச்சலும் வெள்ளமும் போதும்.

இப்படிப்பட்ட புத்தகத்தில் எண்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பாட்டுக்குச் சுருதி மாதிரி அவை அடியில் ஓடும். கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். வழக்கமாக ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்கள். அந்த வாரம் கூடலூர்ப் பக்கம் போய், நாற்றங்காலுக்கு உழுகிற வயலோரம் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்துப் பாருங்கள்.