இரவல் சொல், சொந்தக் குரல்

பாடுகிறவனே எழுதினால்தான் அது உண்மையான பாட்டு, மற்றதெல்லாம் கூலிக்குப் பாடியது என்றொரு பேச்சு மலேசியத் தமிழ் இசை வட்டாரத்தில் இப்போது வேதவாக்காகத் திரிகிறது. சான்று கேட்டால் யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' (2006) தொகுப்பை நீட்டுவார்கள். நல்ல தொகுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஊரே முணுமுணுத்த 'மடை திறந்து' யாருடைய சொத்து? 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா மெட்டில் வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. சுயமாக எழுதுவதன் கொடியே வாலியின் கம்பத்தில்தான் பறக்கிறது.

இந்தப் பேச்சு எவ்வளவு ஒட்டாதது என்பது பினாங்கு சூலியா தெருவுக்குப் போனால் விளங்கும். கிங் ஸ்ட்ரீட் முனையில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய மரைக்காயர்கள் சரக்கோடு பாட்டையும் கொண்டுவந்தார்கள். அந்தப் பாட்டு மரபின் சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. அவர் தம் பாட்டுக்குள்ளேயே குணங்குடி என்ற ஊர்ப் பெயரைப் பொதிந்து வைத்தார். எந்தப் பக்கீர் எந்தத் தெருவில் பாடினாலும் எழுதியவர் தொலைந்துபோகவில்லை.

இசைத்தட்டு வந்ததும் கணக்கு மாறியது. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். எழுதியவர் பெயர் இருந்தால் பொடி எழுத்தில். நாகூர் இ.எம். ஹனிபாவை (1925–2015) நாம் கொண்டாடுவதில் பாதி அந்த வட்டத் தாள் கற்றுக்கொடுத்தது. ஒலிவாங்கியையே மிரட்டும் குரல் அது, அதில் வழக்கில்லை. ஆனால் 'இறைவனிடம் கையேந்துங்கள்' ஆர். அப்துல் சலாம் எழுதியது. அதன் பல்லவியைக் கவனியுங்கள்: மார்க்கப் பெயர் ஒன்றுகூட இல்லை, அரபுச் சொல் இல்லை, சின்னப் பிள்ளைக்கும் புரியும் அன்றாடச் சொற்கள். இந்துக்களும் கிறித்தவர்களும் அதைத் தம் பாட்டாகக் கேட்கிறார்கள் என்றால், அந்தக் கதவைத் திறந்துவைத்தவர் அப்துல் சலாம்; அதன் வழியே கம்பீரமாக நடந்து வந்தவர் ஹனிபா. புலவர் ஆபிதீனும் நாகூர் சலீமும் அவருக்கு எழுதிக் குவித்தார்கள். கட்சி மேடைக்கு ஒரு தொனி, கந்தூரி மேடைக்கு ஒரு தொனி என்று அவர் குரலின் அளவெடுத்துச் சொல் தைத்தவர்கள் இவர்கள். ஹனிபாவே எழுதியிருந்தால் இத்தனை ஹனிபாக்கள் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

தமிழை விட்டு வெளியே வந்தாலும் பினாங்கு இதையேதான் சொல்கிறது. இந்தத் தீவில் 1929இல் பிறந்த பி. ரம்லி நடித்தார், இயக்கினார், மெட்டமைத்தார், பாடினார். அப்பேர்ப்பட்டவர்கூட 1960இல் வந்த 'அந்தாரா டுவா டார்ஜாட்' படத்தின் 'கெத்தாரன் ஜீவா'வுக்குச் சொல்லை எஸ். சுதர்மாஜியிடம் விட்டார். சொல் தம் கை இல்லை என்று ஒதுங்கத் தெரிந்தது அந்த மேதைக்கு! 1960களின் இறுதியில் இங்கே அல்லிகேட்ஸ் குழுவைத் தொடங்கிய டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் தமிழ்ப் பிள்ளைகள். புகழ் பெற்றது மலாய்ப் பாட்டில். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்றவர்கள் அவர்களுக்குப் பாட்டுக் கொடுத்தார்கள். வீட்டு மொழி ஒன்று, பாட்டு மொழி வேறு, எழுதிய கை இன்னொன்று. 2007இல் லோகநாதன் மறைந்தபோது துக்கப்பட்ட மலாய் ரசிகர்களிடம் போய் அது உண்மையான பாட்டில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்க நாட்டுப்புற மேடையைச் சுயபாட்டின் கோயிலாகக் காட்டுகிறவர்களும் உண்டு. அங்கே 'கிரேசி'யை எழுதியவர் வில்லி நெல்சன். 1961இல் அதைப் பதிவுசெய்து நிலைநிறுத்தியவர் பாட்சி கிளைன். ஆண் எழுதிய புலம்பல் ஒரு பெண் குரலில்தான் ஊர் சேர்ந்தது. நாஷ்வில் நகரமே பாடலாசிரியர்களை நம்பிப் பிழைக்கிறது. அங்குள்ள ப்ளூபேர்ட் கஃபேயில் அவர்கள் கிதாரோடு உட்கார்ந்து, பிறர் குரலில் பெயர்பெற்ற தங்கள் பாட்டைத் தாங்களே பாடிக் காட்டுகிறார்கள்.

நம்மிடம் அப்படியொரு நாற்காலி இல்லை. மலேசியாவில் புதுக்கவிதை எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, நல்ல குரல்களுக்கும் பஞ்சமில்லை; இருவரும் ஒரே மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டு தனித்தனியே வீடு போகிறார்கள். பாடகர் இரவோடிரவாக அலைபேசியில் நாலு வரி தட்டி, 'வலி', 'வழி' என்று எதுகை சேர்த்து, ஒலிப்பதிவுக்குப் போய்விடுகிறார். இனி ஒரு தொகுப்பு போடுகிறவர் பத்தில் மூன்று பாட்டையாவது ஒரு கவிஞரிடம் கேட்டு வாங்கட்டும். காசு கொடுத்து வாங்கட்டும். உறையில் அவர் பெயரைத் தம் பெயரின் அளவிலேயே அச்சடிக்கட்டும்.