கட்டினாரா, கட்டுவித்தாரா? கெல்லி மாளிகையை வாசிக்கும்போது

பேராக்கில் தமிழ் படிக்கும் மாணவர்களில் கெல்லி மாளிகைக்குப் போகாதவர் குறைவு. கோப்பேங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பாதி முடிந்த அந்தச் செங்கல் மாளிகையைத்தான் சொல்கிறேன். பள்ளிச் சுற்றுலா என்றாலும் அங்கேதான், 'நான் சென்று வந்த வரலாற்று இடம்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தாலும் அங்கேதான். கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: "இம்மாளிகையை வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர் கட்டினார்." எழுத்துப் பிழை இல்லை, ஒற்றும் சரி. நானும் இத்தனை வருஷம் சரி போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

போன விடுமுறையில் அப்பா, அம்மா, மகனோடு அங்கே போய்வந்த பிறகு, அந்த வாக்கியத்துக்குச் சரி போடக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சிறுகதையைத் திறனாய்வு செய்யும்போது கேட்கிற கேள்விகளை இந்த வீட்டிடமும் கேட்டுப் பார்ப்போம். இது யாருடைய கதையைச் சொல்கிறது? யாருக்குப் பெயர் கொடுக்கிறது? யாரை எண்ணிக்கையாக மட்டும் விட்டுவிடுகிறது?

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்காட்லாந்துக்காரரான ஸ்மித் 1890இல், 20 வயதில் மலாயா வந்தார். கிந்தா வட்டாரத்தில் காட்டு நிலத்தை வாங்கி ரப்பர் போட்டார். ஈயத்திலும் பணம் பார்த்தார். ஊர் நினைவில் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லஸ் என்று பெயர் வைத்தார். முதலில் ஒரு வீடு. பிறகு 1915இல், மகன் பிறந்த அதே ஆண்டில், அதை ஒட்டியே ஒரு பெரிய மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடி உயரக் கோபுரம், அதற்குள் மின்தூக்கிக்கு இடம், வளைவு வைத்த சன்னல்கள். செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது. வேலைக்குச் சென்னையிலிருந்து 70 தமிழர்கள் வந்தார்கள். நடுவில் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். 1926இல் ஐரோப்பா போன ஸ்மித், லிஸ்பன் நகரில் நிமோனியாவில் இறந்துபோனார். வேலை நின்றது. மனைவி சொத்தை ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

இந்தக் கதையில் பெயருள்ளவர்களை எண்ணிப் பாருங்கள். ஸ்மித், மனைவி ஆக்னஸ், மகள் ஹெலன், மகன் ஆன்டனி. மாளிகைக்குள் நடந்தால் இது மகள் அறை, இது மகன் அறை, இது மது பாட்டில் வைக்கும் அறை என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இருக்கிறது. அந்தக் குடும்பம் முடிவடையாத இந்த மாளிகையில் நிம்மதியாக ஒரு வருஷம் வாழ்ந்ததில்லை. ஆனாலும் அறைகள் அவர்கள் பெயரில் இருக்கின்றன. அங்கே பத்து வருஷத்துக்கு மேல் வெயிலில் நின்றவர்களுக்கு '70' என்ற எண்தான் கிடைத்தது. என் மகனுக்கு வேறு கவலை, பேய் எந்த மாடியில் வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஊர்ப் பேச்சில் அந்தத் தாழ்வாரத்தில் நடமாடுவதாகச் சொல்லப்படும் ஆவியும் ஸ்மித்தினுடையதுதான். பேயாக வரக்கூட முதலாளியாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இங்கேதான் நம்ம இலக்கணம் கைகொடுக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளை இரண்டாகப் பிரித்துப் படித்திருப்போம். 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் ஏவுதற்கருத்தா. 'தச்சனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் இயற்றுதற்கருத்தா. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற பகுதி இது. ஆனால் இதைவிடக் கூர்மையான திறனாய்வுக் கருவியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. ஒரு கட்டடத்துக்கு இரண்டு கருத்தா உண்டு என்று நம்ம மொழி கணக்கு வைத்திருக்கிறது. 'கட்டினார்' என்று எழுதும்போது ஏவியவர் இயற்றியவரின் வினையையும் எடுத்துக்கொள்கிறார். 'கட்டுவித்தார்' என்று பிறவினையில் எழுதினால், கட்டியவர் வேறொருவர் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'மாளிகை கட்டப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் எழுதி 'ஆல்' உருபை விட்டுவிட்டால் இரண்டு பேருமே காணாமல் போகிறார்கள். மாணவர்கள் செயப்பாட்டு வினையை உயர்நடை என்று நினைத்து எழுதுகிறார்கள். அது பல சமயம் ஆளை மறைக்கும் நடை.

அப்பா கட்டட வேலையில் இருந்தவர். நாங்கள் அறை அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பூச்சு இல்லாத ஒரு வளைவின் கீழேயே நின்றுவிட்டார். "இதப் பாரும்மா. கீழ மரச்சட்டம் கொடுத்துத்தான் இந்தக் கல்ல அடுக்கியிருப்பாங்க. சட்டத்த உருவுறப்ப ஒண்ணு நழுவினாலும் மொத்தமும் கீழ வந்துரும். நூறு வருஷமா நிக்குது பாரு." நான் கீழே உள்ள பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன், அவர் சுவரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மாளிகை முடிந்திருந்தால் சுண்ணாம்புப் பூச்சும் பளிங்கும் சேர்ந்து அந்த வேலையை மூடியிருக்கும். கொத்தனாரின் கை எங்கே பட்டது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. முடியாமல் நின்றதால்தான் ஒவ்வொரு வரிசைச் செங்கல்லும் வெளியே தெரிகிறது. 'கலைந்துபோன கனவு' என்று மாணவர்கள் முடிவுரையில் எழுதுகிறார்களே, ஸ்மித் குடும்பத்துக்கு அது சரி. இயற்றியவர்களைப் பார்க்க நினைக்கும் நமக்கு, அந்த முடியாத சுவர்தான் ஆதாரம்.

இன்னொரு ஆதாரம் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. பலர் போவதில்லை. காய்ச்சலில் ஆட்கள் விழுந்தபோது, தொழிலாளர்கள் தங்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், ஸ்மித் ஒத்துக்கொண்டார் என்பது கதை. அந்த மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அதன் மேலே, தெய்வச் சிலைகளுக்கு நடுவே, மேல்நாட்டு உடையில் ஒரு வெள்ளைக்காரரின் உருவம். அது ஸ்மித்.

இந்தச் சிலையை 'நன்றியின் அடையாளம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அவசரம். வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். 'கோயில் வேண்டும்' என்று கேட்டது யார்? தொழிலாளர்கள். கேட்பதும் ஒரு செயல்தான், பயந்துபோன கூட்டத்தின் மூடநம்பிக்கை என்று அதை ஒதுக்க முடியாது. கூட வேலை செய்தவர்கள் செத்துக்கொண்டிருந்தபோது, தங்களுக்குத் தெரிந்த மொழியில் அவர்கள் முதலாளியிடம் ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். அவரை அம்மனின் கோயிலில் ஓர் உருவமாக வைத்ததும் அவர்கள் முடிவு. மாளிகையில் அவர் சொல்லி இவர்கள் செய்தார்கள், கோயிலில் அவருக்கு எந்த இடம் என்பதை இவர்கள் தீர்மானித்தார்கள். என் அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர். அண்ணாந்து பார்த்துவிட்டு, "தொரைய அம்மாவுக்குக் காவலா நிக்க வெச்சிட்டாங்க" என்று சிரித்தார். அம்மாவின் விளக்கம் எனக்கு எந்தக் கையேட்டையும் விடப் பிடித்திருந்தது.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, 'இரத்தத்தை வியர்வையாகச் சிந்தி உழைத்த நம் முன்னோர்' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தச் சொற்றொடர் ரயில் பாதைக்கும் பொருந்தும், ரப்பர் தோட்டத்துக்கும் பொருந்தும், துறைமுகத்துக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் காட்டாது. அதிலும் ஆள் தெரியமாட்டார், கண்ணீர்தான் தெரியும். பதிலாக, நீங்களே கண்ணால் பார்த்த ஒரு வளைவை எழுதுங்கள். அது எப்படி நிற்கிறது என்று வீட்டில் யாரையாவது கேட்டு எழுதுங்கள். ஸ்மித்தையும் வில்லனாக்க வேண்டாம். அவர் நிலமும் பணமும் ஆசையும் இல்லாமல் அந்தச் சுவர் எழுந்திருக்காது. ஏவுதற்கருத்தாவும் கருத்தாதான்.

ஆசிரியர்களுக்கு: நான் நான்காம் படிவத்தில் இப்போது கொடுக்கும் பயிற்சி சின்னது. "கெல்லி ஸ்மித் இம்மாளிகையைக் கட்டினார்" என்ற வாக்கியத்தைப் பலகையில் எழுதி, ஏவியவரும் இயற்றியவரும் தெரியும்படி மாற்றச் சொல்கிறேன். பிறகு அவர்களுடைய பழைய கட்டுரைகளையே திருப்பிக் கொடுத்து, அதில் 'கட்டப்பட்டது', 'அமைக்கப்பட்டது', 'உருவாக்கப்பட்டது' எத்தனை என்று வட்டமிடச் சொல்கிறேன். போன முறை ஒரு பையன் ஒரே பக்கத்தில் ஒன்பது வட்டம் போட்டுவிட்டு, "டீச்சர், யாருமே எதுவுமே செய்யல டீச்சர்" என்றான்.

அடுத்த சுற்றுலாவுக்கு நேரம் போடும்போது கோயிலுக்கு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதலில் கோயிலுக்குப் போய்விட்டு, பிறகு மாளிகைக்கு வாருங்கள்.