நான்கு கைகள், ஒரு பிரசங்க பீடம்

தர்மபுரிக்காரனுக்குக் கருங்கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. வயலோரத்து நடுகல்லோ கோவில் தூணோ, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வோம். அதே பழக்கத்தில் தரங்கம்பாடி ராஜவீதியில் புதிய எருசலேம் ஆலயத்தின் சுவரிலும் கை வைத்தேன். கல்லின் சில்லிப்பு இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர், உப்புக்காற்று தின்ற சொரசொரப்பு. 300 வருடத்துக்கும் மேலாக வங்கக் கடலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எங்கள் பழைய சேலம் ஜில்லாவில் லண்டன் மிஷன் கால் ஊன்றியது 1827-ல். அதற்கு 100 வருடத்துக்கு முன்பே இந்த ஆலயம் எழுந்துவிட்டது. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சௌவும் 1706 ஜூலை 9 அன்று, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். மறு வருடமே சிறிய ஆலயம் ஒன்றைக் கட்டினார்கள். அதைக் கடல் கொண்டுபோயிற்று என்பார்கள். பிறகு 1717 பிப்ரவரி 9 அன்று இப்போதைய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை. இருபதே மாத வேலை.

வீதியிலிருந்து பார்த்தால் வானைத் தொடும் கோபுரம் எதுவும் இல்லை. அரசரின் பெயர்ச்சுருக்கமும் அதன்மேல் ஒரு கிரீடமும் முகப்பில் இருக்கின்றன. ஆடம்பரம் அத்தோடு சரி. இந்தக் கட்டடத்தின் நயம் வெளியே இல்லை, தரைத்திட்டத்தில் இருக்கிறது.

உள்ளே போனால் சிலுவை வடிவம். நான்கு கைகளும் சம நீளம். பல ஆலயங்களில் ஒரு கை மட்டும் நீண்டுவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு ஐயரின் குரல் எதிரொலியாகத்தான் வந்து சேரும். இங்கே கடைசி வரிசை என்று ஒன்று இல்லை. பிரசங்கம் செய்பவர் நான்கு கைகளிலிருந்தும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், சொல் நான்கு பக்கமும் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்குக்குக் காரணமும் இருந்தது. தமிழ்ச் சபைக்கும், அன்று துறைமுகங்களில் புழங்கிய போர்த்துக்கீசியம் பேசிய சபைக்கும் இது ஒன்றுதான் ஆலயம். 1714-15-ல் இதே ஊரில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு எழுப்பிய கட்டடம் அல்லவா? காதுக்காகக் கட்டியது என்றே எனக்குப் படுகிறது. அலங்காரத்தைக் குறைத்து, கேட்கிறவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார். கலைநயம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே வீதியில் டேனியர்கள் தங்களுக்கென்று 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும் இருக்கிறது. அதுவும் அழகுதான். ஆனாலும் என் மனம் எருசலேமிலேயே நின்றுவிட்டது. காரணம், பலிபீடத்தருகே உள்ள கல்லறைகள். ஒரு பக்கம் சீகன்பால்கு, மறு பக்கம் அவருடைய தோழர் குருண்ட்லர். 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு இறந்தபோது அவருக்கு வயது 36. தான் கட்டிய ஆலயத்தில் அவர் ஆராதனை செய்தது நான்கு மாதத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அரசரின் பெயர் வாசலுக்கு மேலே இருக்க, கட்டியவரின் பெயர் உள்ளே தரையோடு தரையாக இருக்கிறது. நிமிர்ந்து படிக்க ஒரு பெயர், குனிந்து படிக்க ஒரு பெயர். குனிந்து படித்ததுதான் என்னோடு ஊர் வரைக்கும் வந்தது.

1845-ல் டேனியர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 2004-ல் சுனாமி வந்தது. ஆலயம் இருக்கிறது, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஆராதனையும் நடக்கிறது.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையையும் கடலையும் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு கைகளும் கூடும் இடத்தில் நின்று, மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பிப் பாருங்கள்.