மெழுகுவர்த்தியும் மேடைப் பேச்சும்

மேடைப் பேச்சு என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவன அடுக்குமொழியும் உரத்த குரலும். அறிவியலைப் பேச இவை இரண்டும் தேவையில்லை என்பதற்கு ஒரு சிறு நூல் சான்றாக நிற்கிறது. 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது மைக்கேல் பாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளே அந்நூல். பெயர் 'மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு'. வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து, 1861-ல் வெளிவந்தது. வேதியியல் கற்பதற்காக அதைப் பலர் படித்திருக்கின்றனர். நாம் அதைப் பேச்சுக்கலை நூலாக எடைபோட்டுப் பார்ப்போம்.

அப்போது பாரடேக்கு வயது 69. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் கண்டுபிடிப்புகளையே பேசியிருக்கலாம். அவரோ மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டார். எதிரில் இருந்த ஒவ்வொரு குழந்தையும் அதை நூறு முறை பார்த்திருக்கும். ஆனால் உருகிய மெழுகு ஏன் பக்கவாட்டில் வழிந்துவிடாமல் ஒரு கிண்ணம் போல் தேங்கி நிற்கிறது என்று ஒரு முறையும் கேட்டிருக்காது. சுடரின் வெப்பத்தால் காற்று மேலெழ, கீழிருந்து குளிர்ந்த காற்று வர்த்தியின் ஓரத்தைத் தழுவிச் செல்கிறது. ஓரம் குளிர்ந்திருக்க, நடுப்பகுதி மட்டும் உருகுகிறது. பூவேலை செய்த அழகு வர்த்திகளில் ஓரம் ஒழுங்காக இல்லாததால் கிண்ணம் சரியாக அமையாமல் அவை வழிந்து கெடுகின்றன என்றும் காட்டுகிறார். (அலங்காரப் பேச்சாளர்கள் இவ்விடத்தை இரு முறை படிக்கலாம்.)

அடுத்து, மெழுகு திரியில் ஏறுவது எப்படி? நுண்புழை ஏற்றம் என்று பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. பாரடே பெயரோடு நிறுத்தவில்லை. ஒரு தட்டில் உப்பைத் தூண் போல் நிறுத்தி, அடியில் நீல நிற உப்புக் கரைசலை ஊற்றுகிறார். நீலம் தூணில் மெல்ல ஏறுகிறது. இதில் இரண்டு முன்னேற்பாடுகளைக் கவனியுங்கள். கரைசல் தெவிட்டியது, ஆகவே தூணைக் கரைத்துவிடாது. நிறம் சேர்த்தது பார்ப்போருக்குத் தெளிவாகத் தெரிவதற்காக. ஒன்று இயற்பியலுக்கு, மற்றொன்று கேட்போருக்கு. நல்ல விரிவுரை இவ்விரண்டையும் ஒருசேர நினைப்பது என்பது என் கருத்து.

இது பிறவித் திறமை என்று எண்ணிவிட வேண்டாம். புத்தகம் கட்டும் தொழில் பயின்ற இளைஞராக 1812-ல் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தவர் அவர். 1813-ல் நண்பர் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில் விரிவுரை அரங்கின் காற்றோட்டம், பேசுபவரின் நிற்கும் முறை, கருவிகளை வைக்கும் விதம் வரை ஆராய்ந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசக்கூடாது என்பதும் அவர் முடிவு. பின்னர் ஸ்மார்ட் என்ற ஆசிரியரிடம் பேச்சுப் பயிற்சி பெற்றார். வேகம் கூடாதிருக்க, 'மெதுவாக' என்று எழுதிய அட்டையைத் தம் முன் வைக்கச் செய்ததும் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. நான்காம் உரையில் மின்கலத்தைக் கொண்டு நீரைப் பகுக்கிறார். அதுவரை தாமும் வீட்டில் செய்து பார்க்கலாம் என்றிருந்த சிறுவன் இங்கே வெறும் பார்வையாளன் ஆகிவிடுகிறான். ஐந்தாம் உரை இன்னும் நெரிசல்: பிராணவாயு, காற்றின் எடை, காற்றழுத்தம், கரியமில வாயு அனைத்தும் ஒரே மணி நேரத்தில்! மெழுகுவர்த்தி எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. அச்சில் படிக்கும் நமக்கோ, 'இதோ பாருங்கள்' என்று அவர் காட்டும் பல இடங்களில் பார்க்க ஒன்றுமில்லை.

ஆனால் ஆறாம் உரை எல்லாவற்றையும் ஈடு செய்கிறது. சுடரிலிருந்து வந்த வாயு சுண்ணாம்பு நீரைப் பால் போல் ஆக்கியது. நம் மூச்சும் அப்படியே ஆக்குகிறது! அதைக் கண்ணால் காட்டிவிட்டு, மனிதன் ஒரு நாளில் 7 அவுன்ஸ் கரியையும் குதிரை 79 அவுன்ஸ் கரியையும் மூச்சாக மாற்றுகின்றன என்று கணக்குச் சொல்கிறார். கேட்பவன் தன் மார்புக்குள்ளேயே ஒரு சுடர் எரிவதை உணர்ந்த பிறகு வரும் எண் அது, மறக்காது. நம் கல்லூரி மன்றங்களில் எண்கள் முதலில் வருகின்றன. தாளைப் பார்த்து வாசிக்கப்படுகின்றன. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவி, பின் வரிசையில் அமர்ந்து, இயற்பியல் தனக்கு வராது என்று அந்த அரை மணியில் முடிவு செய்துவிடுகிறாள். இழப்பு பேச்சாளருடையதன்று.

அகல் விளக்கை வைத்து இதே உரையைத் தமிழில் நிகழ்த்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். திரியில் எண்ணெய் ஏறுவதையும் சுடரில் கரி பிறப்பதையும் அதில் நன்றாகக் காட்டலாம். பாரடேயின் முதல் கேள்வி மட்டும் எழாது: அகலுக்குக் கிண்ணத்தைக் குயவர் செய்து கொடுத்துவிட்டார், மெழுகுவர்த்தி தன் கிண்ணத்தைத் தானே செய்துகொள்கிறது.