ஒரு சொட்டுக் கண்ணீர்
1971-ல் ஒரு விளம்பரம் அமெரிக்காவை அழவைத்தது. துடுப்புப் போட்டு வந்து கரையேறும் செவ்விந்தியரின் காலடியில், காரிலிருந்து யாரோ குப்பையை வீச, அவர் கண்ணில் ஒரு சொட்டு. அபாரம்தான். நடித்த அயர்ன் ஐஸ் கோடி இத்தாலிய வம்சாவளி என்பது பிற்பாடு தெரிந்தது. போகட்டும், நடிகர்தானே!

உதைப்பது வேறு இடத்தில். விளம்பரம் எடுத்த 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' அமைப்பை 1953-ல் தொடங்கியவர்களில் டின், பாட்டில் கம்பெனிகளும் உண்டு. தூக்கியெறியும் பாட்டிலை விற்றுவிட்டு, 'குப்பை போடறது நீதாம்ப்பா' என்றால் எப்படி?

அதே 1971-ல் ஆரிகன் மாநிலம், காலி பாட்டிலுக்குக் காசு திருப்பித் தரச் சட்டம் போட்டது. கண்ணீர் விடாமலே பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. நம் நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். 'குடி'மக்கள் பொறுப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.