பிடித்துத் தைத்த முகம்

தொளதொளத்த ஜாக்கெட்டைத் தையற்காரரிடம் நீட்டி, "ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க" என்போம். கன்னத்துக்கு அதையே செய்வதுதான் 'த்ரெட் லிஃப்ட்'. நாகர்கோவில்காரர்களுக்குப் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம்தான்: மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்ரா மருத்துவமனை. இப்போது முகம் தொங்குகிறதே என்றும் அந்த ரயிலில் ஏறலாம்.

நூல் புதியதல்ல. பாலிடையாக்சனோன் இழை 1980கள் முதல் அறுவை அரங்கில் இருக்கிறது. வயிற்றுச் சுவரைத் தைப்பதும் அதில்தான். உடலின் ஈரமே ஏழெட்டு மாதத்தில் அதைக் கரைத்துவிடும். அழகுக்கு வரும்போது அதில் நுண்ணிய முட்கள் இருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் செலுத்தி இழுத்தால், முட்கள் திசுவைக் கவ்விக்கொள்ளும். நூலைச் சுற்றிக் கொஞ்சம் கொலாஜனும் ஊறும்.

1990களின் பிற்பகுதியில் மார்லன் சுலமனிட்சே என்பவர் கொண்டுவந்த ஆப்டோஸ் நூல் கரையாத பாலிப்ரொப்பிலீன். அது நகர்ந்தாலும் குத்தினாலும் தேடிப்பிடித்து எடுக்க வேண்டும். கரையும் நூலில் அந்தத் தொல்லை குறைவு. இதன் பெரிய பலமே இதுதான். ஆனால் பிழையோடு பலனும் கரைகிறது. முகம் தொங்குவது தோலால் மட்டுமல்ல. எலும்பு தேய்கிறது, கொழுப்பு இறங்குகிறது, தசைநார் தளர்கிறது. இவற்றை நூல் நிரந்தரமாகச் சரிசெய்வதில்லை. ஓராண்டு வாக்கில் முகம் பழைய இடத்துக்கு வந்துவிடும்; மறுபடி பணம். கன்னத்தில் குழி விழுந்தாலோ, "கரைந்தால் சரியாகிவிடும்" என்ற பதில் தயாராக இருக்கிறது. நம் கருத்த தோலில் ஊசி நுழைந்த இடம் கறுத்துப்போகவும் கூடும். (இந்த ஊர் வெயிலுக்குத் தினமும் சன்ஸ்கிரீன் பூசுவது மலிவு, ஆனால் அதற்கு யார் விளம்பரப் பலகை வைப்பார்கள்?)

'அறுவை இல்லை' என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். கத்தி இல்லை, சரி. ஊசி போகும் வழிக்குப் பக்கத்திலேயே முக நரம்பும் உமிழ்நீர்ச் சுரப்பியும் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் கொழுப்பு நீக்கிக்கொண்ட ஒரு பெண் விரல்களை இழந்தார். அது வேறு சிகிச்சை. ஆனால் கேள்வி ஒன்றே: கருவியைப் பிடிப்பவர் யார்? மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யக் கேரளத்தில் 2018 முதல் சட்டம் இருக்கிறது. கிளினிக் பலகையில் பதிவெண் இருக்கிறதா, நூலிடுபவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்று பார்ப்பவர் குறைவு.

நாற்பதுகளில் தாடையோரம் லேசாகத் தளர்ந்தவருக்கு இது தகும். எழுபதில் கழுத்துத் தோல் மடிந்தவருக்கு நூல் போதாது. கத்தி வேண்டும், அல்லது எதுவுமே வேண்டாம். யாரானாலும் முதலில் கேட்க வேண்டியது, ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கிற போன் நம்பர். வீக்கம் நன்றாகத் தெரிவது மறுநாள். அப்போது நீங்கள் நாகர்கோவிலில் இருப்பீர்கள்.